யாருடைய உலா, யாருடைய தெரு? – உலாவி நினைவுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஐம்பதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களுமான இலக்கிய நண்பர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்தால், எதில் தொடங்கினாலும், பேச்சில் எங்கோ ஓர் இடத்தில் அந்த மோடம் சத்தம் வந்துவிடுகிறது. 'கீங்... கிர்ர்ர்...' என்று அது கத்தி ஓய்ந்து இணைப்புக் கிடைக்கும்வரை காத்திருந்தது. நடுவில் வீட்டில் யாரோ போனை எடுக்க எல்லாம் அறுந்துபோனது. நெட்ஸ்கேப்பின் மூலையில் 'என்' என்கிற எழுத்தைச் சுற்றி எரிகற்கள் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு படம் மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கியது. கடைசியில் இப்படி முடியும்: "அதெல்லாம் ஒரு காலம்ப்பா. இப்ப மாதிரியா? அப்ப இன்டர்நெட்டு எல்லாருக்கும் பொதுவா இருந்துச்சு."

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. 'எல்லாருக்கும்' என்று சொல்லும்போது யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறோம்? 'பொது' என்பது எந்த அர்த்தத்தில்? அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஏன் அந்தச் சத்தம் நினைவில் இல்லை?

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் ஒரு டி.டி.பி. சென்டரில் ஆபரேட்டர். பக்கத்துக்கு இவ்வளவு என்று சிறுபத்திரிகைக் கட்டுரைகளை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். 'கட்டவிழ்ப்பு', 'பெருங்கதையாடல்', 'தன்னிலை' எல்லாம் எனக்கு முதலில் விரல் வழியாகத்தான் வந்தன. அர்த்தம் பின்னால் வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இருந்தேன். ஆனால் அதில் மோடம் இல்லை. ஆக, கணினிக்காலத்தின் நினைவு வேறு, இணைய நினைவு வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசல் இருந்தது. அந்த வாசலைப் பற்றி நினைவேக்கக்காரர்கள் பேசுவதில்லை.

நினைவேக்கம் என்பதற்கான ஐரோப்பியச் சொல் ஒரு நோயின் பெயராகத்தான் பிறந்தது. 1688இல் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்து வாடுகிறவர்களின் நோய்க்கு வைத்த பெயர் அது. அதே சுவிட்சர்லாந்தில், முன்னூறு ஆண்டு கழித்து, ஜெனீவாவுக்குப் பக்கத்துச் சேர்ன் ஆய்வகத்தில் வைய விரிவு வலை பிறந்தது தற்செயல்தான். இதற்கு எஸ்.பொ. தந்த 'நனவிடை தோய்தல்' என்ற சொல் எனக்குப் பிடிக்கும். தோய்வதில் தப்பில்லை. ஆனால் ஸ்வெட்லானா போய்ம் 2001இல் வந்த தன் நூலில் காட்டிய வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. இழந்த வீட்டை அப்படியே திருப்பிக் கட்டப்பார்க்கிற ஏக்கம் ஒன்று. இழப்பின் முன் நின்று யோசிக்கிற ஏக்கம் மற்றொன்று. முதலாவதில் வரலாறு கிடையாது. 'அப்பல்லாம் நல்லா இருந்துச்சு' என்ற தீர்ப்பு மட்டும்தான்.

2

சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'பிரவுஸ்' என்ற ஆங்கிலச் சொல் ஆடுமாடுகள் தழை கடிப்பதைக் குறித்தது. தமிழில் அது 'உலாவி' ஆனது. மேய்ச்சல் போய் நடை வந்தது. நல்ல சொல், இருக்கட்டும். ஆனால் 'உலா' நம்மிடம் வெறும் நடையாக இருந்ததில்லையே. அது ஒரு சிற்றிலக்கிய வகை. ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் சோழ அரசர்கள் வீதியில் வருகிறார்கள். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் வீதியோரம் நின்று பார்க்கிறார்கள், மயங்குகிறார்கள், மெலிகிறார்கள். நடக்கிறவன் ஒருத்தன். மற்றவர்கள் எல்லாம் வீதியோடு வீதியாக நிற்கிறவர்கள்.

அந்த வீதியும் எல்லாருடைய வீதியும் கிடையாது. தேர் வரும் தெரு, வராத தெரு என்ற கணக்கு இன்றைக்கும் எத்தனை ஊர்களில் கலவரமாகிறது என்பது நமக்குத் தெரியும். 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் போவதற்காக நடக்கவில்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக நடந்தது. உலாவுதல் என்பது இந்த மண்ணில் உரிமையாகவோ உரிமை மறுப்பாகவோதான் இருந்துவந்திருக்கிறது. ஆகவே உலாவி பற்றிய எந்த நினைவிடமும் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: நடந்தது யார்? நின்று பார்த்தது யார்? அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாமல் போனது யார்?

3

முதலில் 'பொதுவாக இருந்தது' என்பதில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவோம்.

1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவி படிக்கவும் எழுதவும் ஆன கருவி. அதே சன்னலில் பக்கத்தைத் திறக்கலாம், திருத்தலாம், புதிதாக எழுதி இணைப்புக் கொடுக்கலாம். வாசகர் வேறு, எழுத்தாளர் வேறு என்ற பிரிவு அதில் இல்லை. ஆனால் அது நெக்ஸ்ட் என்ற விலை கூடிய கணினியில் மட்டுமே ஓடியது. பிற கணினிகளுக்காக 1991இல் நிக்கோலா பெல்லோ என்ற மாணவி எழுதிய வரிமுறை உலாவி எங்கும் ஓடியது. ஆனால் அதில் படிக்க மட்டும்தான் முடியும். பரவவேண்டும் என்ற தேவைக்காக எழுதும் கை வெட்டப்பட்டது. இதில் யாருடைய சதியும் கிடையாது. ஆனாலும் விளைவு விளைவுதான். பின்னால் வந்தவை எல்லாம் பெரும்பாலும் இந்தக் கை வெட்டப்பட்ட வடிவத்தையே எடுத்துக்கொண்டன.

1993 ஏப்ரல் 30 அன்று சேர்ன், வலையின் மென்பொருளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் கோஃபர் என்ற தன் முறைக்குக் கட்டணம் பற்றிப் பேசத் தொடங்கியதும் மக்கள் அதைவிட்டு விலகியதையும் சேர்த்துப் பார்த்தால், 'பொது' என்பது வெறும் அலங்காரச் சொல் இல்லை என்பது விளங்கும். அதே 1993இல் இல்லினாய் பல்கலைக்கழக மையத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் செய்த மோசைக் வந்தது. எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. அமெரிக்க அரசின் பணத்தில், மக்களின் வரிப்பணத்தில், உருவானது அது. 1994இல் அந்தக் குழுவினரில் பலர் வெளியேறி ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 'மோசைக்' என்ற பெயரைப் பயன்படுத்தப் பல்கலைக்கழகம் மறுக்கவே, அது நெட்ஸ்கேப் ஆயிற்று.

1995 ஆகஸ்ட் 9 அன்று நெட்ஸ்கேப்பின் பங்கு 28 டாலருக்குச் சந்தைக்கு வந்து அன்றே 58 டாலரைத் தாண்டி முடிந்தது. லாபம் காட்டாத கம்பெனி! அதே மாதம் 24ஆம் தேதி விண்டோஸ் 95. அதை ஒட்டியே, மோசைக்கின் வணிக உரிமத்தை விலைக்கு வாங்கிச் செய்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர். ஆக, பொதுப்பணத்தில் பிறந்த ஒரே குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு கம்பெனிகள் சண்டை போட்டதைத்தான் நாம் 'உலாவிப் போர்' என்று ரசித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் இருக்கிறது. எரிகற்கள் விழுந்த அதே நெட்ஸ்கேப்பில்தான் 1994இல் 'குக்கி' சேர்க்கப்பட்டது. போனமுறை வந்த ஆள்தான் இந்தமுறையும் வருகிறான் என்று கடைக்காரனுக்கு அடையாளம் சொல்கிற துண்டு. லூ மோன்டுல்லி என்பவர் செய்தது. கூடையில் போட்ட சாமான் மறந்துபோகாமலிருக்க அது வேண்டியிருந்தது. நாளடைவில் யார் எங்கே உலாவுகிறார்கள் என்று பின்தொடர்கிற விளம்பரத் தொழிலுக்கு அதுவே அடிக்கல் ஆயிற்று. உலாப் போகிறவன் பார்க்கப்படுகிறவன் ஆனான். பாட்டுடைத் தலைவன் தான்தான் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசகரும் வீதியில் நடக்க, வீதி அவரைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது. எந்தப் 'பொற்காலத்தை' நினைத்து ஏங்குகிறோமோ, இன்றைக்கு நாம் திட்டுகிற காலத்தின் விதை அதற்குள்ளேயே கிடந்தது.

4

இப்போது வாசல்.

நெட்ஸ்கேப் பங்கு பறந்து ஆறு நாள் கழித்து, 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. சுதந்திர தினம் பார்த்துத் தொடங்கினார்கள். படம் தெரிகிற கணக்குக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்பது அன்றைய கட்டணம். மாணவர்களுக்கு மலிவான கணக்கு இருந்தது. ஆனால் அதில் எழுத்து மட்டும்தான் வரும். லிங்க்ஸ் என்ற உலாவியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அதுவும் ஆங்கில எழுத்து. இது போக போன் வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும், பெருநகரத்தில் இருக்க வேண்டும். மற்ற ஊர்க்காரன் எஸ்.டி.டி. போட்டுத்தான் உள்ளே போகணும். தனியார் கம்பெனிகளுக்கு அனுமதி கிடைத்தது 1998 நவம்பரில்தான்.

அன்றைக்கு ஒரு பக்கம் அடித்தால் எனக்குச் சில ரூபாய்தான் கூலி. 15,000 ரூபாய்க்கு எத்தனை ஆயிரம் பக்கம் அடித்திருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மோடம் சத்தத்தை நினைவில் வைத்திருப்பவர் எந்தத் தெருவில் இருந்தார், எந்தக் கல்லூரியில் படித்தார், அவர் வீட்டு வரவேற்பறையில் போன் எப்போது வந்தது என்பதை எல்லாம் அந்த நினைவே சொல்லிவிடுகிறது. நினைவுக்கும் சாதி உண்டு, வர்க்கம் உண்டு. 'வீட்டில் யாரோ போனை எடுத்துவிட்டார்கள்' என்று சிரித்துச் சொல்கிறார்களே, அந்த 'யாரோ' பெரும்பாலும் அம்மாவோ அக்காவோதான். இந்தக் கதையில் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே வேடம் இணைப்பைத் துண்டித்தவள் என்பது.

பிரவுசிங் சென்டர் வந்தபிறகு நிலைமை மாறியது என்பார்கள். மாறியது உண்மைதான். எங்கள் ஊரில் 2000 வாக்கில் ஒரு மணி நேரம் நாற்பது ரூபாய், பிறகு முப்பது, இருபது என்று இறங்கியது. பிளைவுட் தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. பையன்களுக்கு அந்தத் தடுப்புதான் சுதந்திரம். அதே தடுப்புதான் எங்களுக்குத் தடையானது. "அங்க எல்லாம் பொம்பளப் பிள்ளை தனியாப் போகக் கூடாதும்மா" என்றார் என் முதலாளி அண்ணன். நல்ல மனுஷர், அக்கறையோடுதான் சொன்னார். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற நாளில் வாசலில் பெண்பிள்ளைகள் கூட்டமாக நிற்பார்கள். நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஆள் பார்த்துச் சொல்லுவான். தன் மார்க்கைத் தானே திரையில் பார்க்க முடியாத உலா. வீதியோரம் நின்ற ஏழு பருவத்துப் பெண்களை நான் அங்கேதான் நேரில் பார்த்தேன்.

5

உள்ளே போன தமிழனுக்கும் தமிழ் கிடைத்துவிடவில்லை. இது நான் தொழில்முறையில் அறிந்த பகுதி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதைக் காட்டக்கூடிய கணினிகள் சாதாரண ஆட்கள் கைக்கு வந்தது விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்தில்தான். இடையிலிருந்த பத்தாண்டில் செய்தது ஒரு தந்திரம். 256 எழுத்துக்கான இடத்தில் ஐரோப்பிய எழுத்துகள் உட்கார்ந்திருந்த இருக்கைகளில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தோம். கணினிக்கு அது ஐரோப்பிய எழுத்து, கண்ணுக்குத் தமிழ். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லையென்றால் தலையில் புள்ளியும் காலில் வாலும் வைத்த ஏதேதோ எழுத்துகள் தெரியும். எந்த வடிவத்தை எந்த இருக்கையில் வைப்பது என்பதில் ஆளுக்கு ஒரு முறை, பத்திரிகைக்கு ஒரு முறை. ஒரு தளத்தைப் படிக்க ஓர் எழுத்துருவை இறக்கவேண்டும், அடுத்த தளத்துக்கு இன்னொன்று.

இந்தக் குழப்பத்தோடு மல்லுக்கட்டியவர்களை மறப்பது நன்றிகெட்டதனம். 'இணையம்' என்ற சொல்லைத் தந்தவராக அறியப்படும் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, முரசு அஞ்சலைச் செய்த மலேசியாவின் முத்து நெடுமாறன், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய சுவிட்சர்லாந்துவாழ் கு. கல்யாணசுந்தரம், அதில் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்த ஏராளமானவர்கள். 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. டாம், டாப் என்ற தரங்களைத் தமிழக அரசு ஏற்றது. உலகெங்கும் பரவியிருந்த தமிழர்கள் திஸ்கி என்ற இன்னொரு தரத்தை உருவாக்கி வைத்திருந்தார்கள். 2010இல்தான் யூனிகோடு அரசின் தரமாயிற்று. ஆனால் அந்த இடைவெளியில் எழுதப்பட்டதெல்லாம் என்ன ஆயிற்று?

என் கையில் நடந்ததைச் சொல்கிறேன். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியதில் 17 பேர் தாமிரபரணி ஆற்றில் செத்துப்போனார்கள். அதைப் பற்றி நண்பர்கள் ஒரு சிறுபத்திரிகைச் சிறப்பிதழ் கொண்டுவந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் பேசியதை டேப்பில் பிடித்துவந்து கொடுத்தார்கள். கேட்டு அடித்தவள் நான். அச்சில் அறுபத்துநாலு பக்கத்துக்கு மேல் காசில்லை. அதனால் பாதியை வெட்டிவிட்டு, முழுசையும் இணையத்தில் போடுவதென்று முடிவு. சென்னையில் இருந்த நண்பர் ஒருவர் இலவசமாகக் கிடைத்த இடத்தில் ஏற்றினார். இதழிலும் 'முழு வடிவம் இணையத்தில்' என்று பெருமையாக ஒரு வரி போட்டோம். எனக்கும் பெருமையாக இருந்தது. நான் அடித்தது உலகம் பூராவும் போகிறது!

சில ஆண்டுகளில் அந்தப் பக்கம் காணாமல் போயிற்று. டேப்பின் மேல் யாரோ வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு பிளாப்பி. 2015இல் தூசி தட்டி எடுத்து, பிளாப்பி போடுகிற கருவி ஒன்றைத் தேடிப்பிடித்துத் திறந்தால், மூன்று கோப்பில் இரண்டு திறந்தன. திறந்ததில் தமிழே இல்லை. எங்கள் சென்டரிலேயே மாற்றிச் செய்துகொண்ட எழுத்துரு அது. வேறு எங்கும் கிடைக்காது. அந்தப் பெண்கள் பேசியது என் கண்முன்னால்தான் இருக்கிறது, ஆனால் ஒரு வார்த்தை படிக்க முடியவில்லை.

நெட்ஸ்கேப்பின் எரிகற்களைப் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் இன்றைக்கு ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எது காப்பாற்றப்படுகிறது, எது அழிகிறது என்பதில் எந்தத் தற்செயலும் இல்லை. கருவியின் ஞாபகம் பத்திரமாக இருக்கிறது. அதன் வழியே பேசவந்த குரலின் ஞாபகம் கிடையாது.

6

கதை அங்கே முடியவில்லை. என்னிடம் அச்சு இதழ் ஒன்று இருந்தது. பாதி உரை அதில் தமிழாக இருந்தது, பிளாப்பியில் அதே பாதி குப்பையாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கிறுக்கல் எந்த எழுத்து என்று தெரியுமே! உட்கார்ந்து அட்டவணை போட்டேன். நாங்கள் அடித்தது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோடில் 'க' முதலில் வரும், கொம்பும் காலும் அதன் பின்னால் ஒன்றாக வரும். இது தெரியாமல் மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும். இருபது வருஷத்துக்கு முந்தைய சாவி எந்த விரலுக்குக் கீழே இருந்தது என்பது என் விரலுக்கு நினைவிருந்தது. தெரிந்த தம்பி ஒருவர் மாற்றுவதற்கு ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தார். இரண்டு கோப்பும் தமிழாயின. மூன்றாவது போனது போனதுதான்.

நினைவு என்பதற்கு எனக்கு இதுதான் அர்த்தம். சத்தத்தை நினைத்து உருகுவதைவிட, சாவி எங்கே இருந்தது என்று நினைவுபடுத்துவது.

இதை என் தனிப்பட்ட கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈழத் தமிழர்களைக் கேட்டுப்பாருங்கள். இணையத்தில் நுழைந்த நினைவு என்றால், புலம்பெயர்ந்த ஊரில் இரவெல்லாம் உட்கார்ந்து, ஊரில் குண்டு விழுந்த சேதிக்காக ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்ததைத்தான் பலர் சொல்வார்கள். 1997இல் தொடங்கிய தமிழ்நெட் செய்தித்தளம் 2007இல் இலங்கையில் தடுக்கப்பட்டது. அதன் ஆசிரியர் தராக்கி சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். இந்த நினைவில் மோடம் சத்தம் இனிமையாக ஒலிக்குமா?

இன்றைக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. போனில் தமிழ் தெரிகிறது, எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் தங்கள் மார்க்கைத் தாங்களே பார்க்கிறார்கள். இது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் உலாவி மறுபடியும் ஒன்றாகிக்கொண்டிருக்கிறது. கூகுளின் குரோம் 2008இல் வந்தது. 2020இல் மைக்ரோசாஃப்டே தன் சொந்த எந்திரத்தைக் கைவிட்டு குரோமின் அடித்தளத்துக்கு மாறியது. அந்த எந்திரத்தின் மூதாதை, கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழு எழுதிய கேஎச்டிஎம்எல். மறுபடியும் அதே கதை: பொதுவில் பிறந்தது, கம்பெனியில் வளர்ந்தது. 1998இல் நெட்ஸ்கேப் தோற்கும்போது மூலநிரலைத் திறந்துவிட்டதால் பிறந்த மொசில்லாவும் அதன் ஃபயர்ஃபாக்ஸும் ஓரத்தில் நின்று தாக்குப்பிடிக்கின்றன. 2022 ஜூனில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மூடுவிழா நடந்தபோது தென்கொரியாவில் ஒருவர் கல்லறைக்கல்லே வைத்தார். வேடிக்கைதான். ஆனால் நாம் கல்லறைக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கும்போது வீதி முழுவதையும் ஒருவரே குத்தகைக்கு எடுத்துவிடுகிறார்.

எனவே சிறுபத்திரிகை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை மோடம் சத்தம் பேச்சில் வந்தால், பரணில் ஏறிப் பாருங்கள். பழைய பிளாப்பி, சி.டி. எதையும் தூக்கிப்போடாதீர்கள். அந்த உரையின் அச்சுப்பிரதி ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு அந்தக் காலத்தில் உங்களுக்கு அடித்துக் கொடுத்த பெண்ணைத் தேடுங்கள். உங்கள் இதழின் கடைசிப் பக்கத்தில் 'ஒளியச்சு' என்று சென்டர் பேர் இருக்கும், அவள் பேர் இருக்காது. ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பாள், அல்லது வீட்டில் இருப்பாள். கேட்டுப்பாருங்கள். உங்கள் எழுத்தைத் திறக்கிற சாவி அவள் விரலில் இருக்கிறது.